கிருமிகளுக்கு அரைப் பேர்

விசாரணைக்கு வந்தவனை உட்காரச் சொன்னீர்கள், நன்றி சேர். நிவித்திகலப் பக்கத்துத் தேயிலை மலையில் பல வருடம் கணக்கப்பிள்ளையாக ஏறி இறங்கியதில் முழங்கால் போய்விட்டது. அதனால்தான் துரையின் பழைய பங்களாவை ஹோட்டல் ஆக்கியபோது மெனேஜர் வேலையை ஏற்றுக்கொண்டேன்.

பங்களாவுக்குப் பின்னால் மலசலக் கழிவைச் சுத்தம் செய்யும் தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் மோட்டர் காற்று ஊதும். அந்தக் காற்றில் வாழும் கிருமிகள் அழுக்கைத் தின்னும். அடுத்ததில் காற்று வேண்டாத வேறு கிருமிகள், மிஞ்சிய நைதரசனை வாயுவாக்கி அனுப்பிவிடும். தெளிந்த நீர் ஓடைக்குப் போகும். அந்த ஓடையிலிருந்துதான் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் குடிக்கப் பீலித் தண்ணீர். கெட்டிக்கார ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். மோட்டரின் இரைச்சல்தான் தொல்லை. அமைதி தேடி வந்த விருந்தினர் முகம் சுளித்தார்கள்.

தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் அரை நாள் சம்பளம்தான்; அரைப் பேர் என்போம். மழையில் நனைந்து வந்த பெண்களுக்கே அரைப் பேர் போட்டுப் பழகிய கை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்குப் போட என்ன தயக்கம்? விருந்தினர் மாணிக்கக்கல் குழி பார்க்கப் போகும் நேரம் மட்டும் மோட்டரை ஓடவிட்டேன்.

தொட்டிகளைப் பொருத்தித் தந்த புவாட் தொலைபேசியில் பதறினார். "சேர், காத்து நின்டா கிருமியெல்லாம் மவ்த்தாப் போகும். ஊத்தை அப்படியே ஓடைக்கு எறங்கும்." கிருமி செத்தால் நல்லதுதானே என்று சமாதானப்படுத்தினேன். அவர் கடைசியாகச் சொன்னதும் காதில் விழுந்தது, மறைக்கவில்லை. அன்றிலிருந்து என் வீட்டுக்குப் போத்தல் தண்ணீர்தான்.

ஓடைக்கரையில் கங்குங் கீரை மதமதவென்று தழைத்தது. கழிவிலிருந்த நைதரசன் முழுக்க அதற்கு உரம். விருந்தினர் படம் பிடித்தார்கள். லயத்துக்கு இலவசக் கீரை கிடைத்ததை எவரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நன்றி கெட்ட சனம்.

எங்களிடம் துணி துவைக்கும் விஜயகலா ஒருநாள் வந்து நின்றாள்.

"ஐயா, பீலித் தண்ணி நாறுதுங்க. புள்ளைக்கு அதுலதாங்க பால்மா கரைக்கிறேன். முந்தாநாள்லேருந்து வயித்தால போவுதுங்க."

"கொதிக்க வச்சுக் குடு."

"வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்குங்க. அந்த மோட்டர மட்டும் போட்டு விடுங்கய்யா."

விருந்தினர் போகட்டும், பார்க்கலாம் என்றேன். குரலை உயர்த்தவேயில்லை. கை கழுவிக்கொள்ள ஒரு சோப்புக்கட்டிகூடக் கொடுத்தேன். ஹோட்டல் சோப்பு, நல்ல வாசனை.

குழந்தை போனது எனக்கும் வருத்தம்தான் சேர். அன்று பார்த்துப் பங்களா நிறைய ஆட்கள். லயத்து ஒப்பாரி விறாந்தை வரை ஏறி வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். இருக்கிற இரைச்சலில் மோட்டர் இரைச்சல் மேல் என்று பட்டது. நானே போய்ப் போட்டேன். அடக்கம் முடியும்வரை நிறுத்தவில்லை.