பிபின் கத்திய சொல்

பெயர்: ராகேல். வயது: 44. கணவர் பெயர்: தங்கப்பன். விலாசம்: ஆரியசாலை, திருவனந்தபுரம். தொழில்: கணவருடன் சாக்கு, கயிறு மொத்த வியாபாரம். நாள்: 17.11.2002. எனக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும், ஆனால் எழுதப் படிக்கத் தமிழ்தான் தெரியும் என்பதால், தலைமைக் காவலர் கோலப்பன் நான் சொல்வதைத் தமிழில் எழுதுகிறார்.

நகர ஸ்டேடியத்தில் நடந்த சர்வதேச ஜூனியர் தடகளப் போட்டியில் இந்திய அணியின் மேனேஜர் வேல்சாமி என்பவரை நான் குடையால் அடித்தேனா என்று கேட்டதற்கு, அடித்தேன் என்றே சொல்கிறேன். அதை மறைக்க எனக்கு ஒரு அவசியமும் இல்லை. ஆனால் எதற்கு அடித்தேன் என்பதையும் முழுதாக எழுத வேண்டும். அரைகுறையாக எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன்.

என் மகன் ஜெயன், ஆண்கள் நாலு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் தொடரோட்ட அணியில் நான்காவதாக, அதாவது கடைசியாக ஓடுகிறவன். அவனுக்குப் பேட்டன் என்கிற குச்சியைக் கொண்டுவந்து கொடுக்கும் மூன்றாவது ஆள் பிபின், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பையன். மற்ற இருவரும் வடக்கே உள்ளவர்கள். பின்னால் வருகிறவன் தரையில் ஒட்டிய அடையாளத்தை எட்டியதும், முன்னால் நிற்கிறவன் ஓடத் தொடங்க வேண்டும், அதன் பிறகு திரும்பிப் பார்க்கவே கூடாது. அடையாளத்தை எட்டும்போது பிபின் 'விட்டோ' என்று கத்துவான். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே அவர்களுக்கு அதுதான் வழக்கம்.

அந்தச் சொல் எங்கள் கடை வாசலில் கிடைத்தது. லாரியில் மூட்டை ஏற்றி முடித்ததும் சுமட்டுக்காரர்கள் வண்டியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டி 'விட்டோ' என்பார்கள். கிளம்பு, ஓட்டு என்று அர்த்தம். பக்கத்துக் கடைக்கு வெங்காயம் கொண்டுவருகிற தென்காசி டிரைவருக்குக்கூட அது புரிகிறது. அதை 'விடு' என்று எடுத்துக்கொண்டு ஒருவனும் இதுவரை ஸ்டீயரிங்கைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு இறங்கிப் போனதில்லை.

இறுதிப் போட்டி அன்று காலையில் நான் பையன்களைப் பார்க்க ஸ்டேடியத்தின் பின் கேட்டுக்குப் போயிருந்தேன். அப்போது பிபின் தொடையில் துணி சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். "அம்மச்சீ, தொட பிடிச்சு போயி. ஓடான் வய்யா" என்று என்னிடம் சொன்னான். முந்தின நாள் ஓட்டத்தில் தொடைத் தசை இழுத்திருக்கிறது, அவனால் ஓட முடியாது. அதன் பிறகு ஜெயன் என் முன்னால் வைத்தே மேனேஜரிடம் போய், "சாரே, இவனுக்குக் காலு வய்யா. வேற ஆள் சும்மா இருக்கான்லா, அவனை எறக்குங்க" என்று கேட்டான். மாற்று ஓட்டக்காரப் பையன் உடுப்பு போட்டுத் தயாராகப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அதற்கு மேனேஜர் வேல்சாமி, "மந்திரி வர்றார். கேலரி பூரா உங்க ஊர் ஜனம். லோக்கல் பசங்க ரெண்டு பேரும் ஓடியே ஆகணும். ஐஸ் வச்சுக்கிட்டு ஓடச் சொல்லு" என்றார். பிள்ளையின் கால் பெரிதா, கைதட்டல் பெரிதா என்று நான் கேட்டதற்கு, கேட்டுக்கு வெளியே போகும்படி என்னிடம் சொன்னார். அப்போதே அடித்திருக்க வேண்டும்.

அதன் பிறகு நான் டிக்கெட் எடுத்துக் கேலரியில், பேட்டன் கைமாறும் கடைசி இடத்துக்கு நேர் மேலே உட்கார்ந்தேன். மழை மேகமாக இருந்ததால் குடை கையில் இருந்தது. இந்திய அணி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது. பிபின் வளைவில் நன்றாகத்தான் வந்தான். அடையாளத்தை எட்டி 'விட்டோ' என்று கத்தினான், எனக்கே கேட்டது. ஜெயன் ஓடத் தொடங்கினான். அடுத்த நொடியில் பிபினின் கால் மடங்கியது. அவன் நொண்டிக்கொண்டே கையை நீட்டினான், ஜெயன் பின்னால் கையை விரித்துக்கொண்டு பேட்டன் மாற்ற வேண்டிய எல்லைக் கோடு வரை போனான், பேட்டன் அவன் விரல் நுனியில் தட்டித் தரையில் விழுந்தது. பிபினும் விழுந்தான். அவனை ஸ்டிரெச்சரில் தூக்கிப் போனார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

அதன் பிறகு நான் படியிறங்கிப் போனபோது, மேனேஜர் வேல்சாமி பத்திரிகைக்காரர்கள் நடுவில் நின்று, "அந்தப் பையன் 'விடு விடு'ன்னு கத்துறான், இவன் விட்டுட்டான். ரெண்டு பேரும் பேசி வச்சுச் செஞ்சிருக்காங்க. நான் தமிழன், எனக்குப் புரியாதா? விசாரணை வைக்கச் சொல்றேன், இனி இவனுங்க ஆயுசுக்கும் ஸ்பைக்ஸ் போட்டு ஓட முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயன் பக்கத்தில் நின்று தேம்பிக்கொண்டிருந்தான். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, இப்போதும் எரிகிறது.

நான் அவரிடம், "ஓய், ஒமக்க காதுல என்னவாக்கும் அடைச்சு வச்சிருக்கீரு? அவன் சொன்னது விட்டோ, ஓடுன்னாக்கும் அர்த்தம். வய்யாத்த காலோட புள்ளையை எறக்கினது நீரு. இப்ப பழி எனக்க மோனுக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் கையை ஓங்கியிருக்க மாட்டேன். முதல் அடி தோளில் விழுந்தது, இரண்டாவது எங்கே விழுந்தது என்று கவனிக்கவில்லை. குடைக் கம்பி வளைந்துவிட்டது. அதன் பிறகு போலீஸ்காரர்கள் என்னைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். அடித்ததற்கு என்ன தண்டனையோ அதை நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பிபினை அந்தக் காலோடு ஓடவிட்டதற்கு அவர் மேலும் கேஸ் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதைத் தலைமைக் காவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். கேலரியிலிருந்து நான் கேட்டதைச் சொன்ன இடத்தில், 'விடு' என்று கத்தினான் என்று எழுதியிருந்தார். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, "தமிழ்ல எழுதுதோம்லா, அதாக்கும் தமிழாக்கிட்டேன்" என்றார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "கோலப்பன் சாரே, விசாரணைக்கு இந்தக் கடலாசுதான் போகும். பெத்த தாயே 'விடு'ன்னு கத்தினான்னு சொல்லிட்டாள்னு அந்த ஆளு இதைத்தான் தூக்கிக் காட்டுவான். எனக்க மோனை நானே முடிக்கணுமா?" என்று கேட்டேன். அவர் அந்தச் சொல்லை அடித்தார். மேலே 'விட்டோ' என்று எழுதி, ஓடு என்று பொருள் என்பதையும் ஓரத்தில் எழுதினார். அடித்த இடத்தில் நாங்கள் இருவரும் கையெழுத்திட்டோம். மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். வேறு எங்கும் அந்தத் தவறு இல்லை.

நான் சொன்னது சொன்னபடியே இதில் இருக்கிறது, அத்தனையும் உண்மை. இனி யாரும் இதில் ஒரு சொல்லையும் தமிழாக்க வேண்டாம்.

(ஒப்பம்) ராகேல்

எழுதியவர்: கோலப்பன், தலைமைக் காவலர்