மாசம் கால் சுத்து

காபி கொடுக்க முடியலைன்னு தப்பா நினைக்காதீங்க, செக்ரட்டரி சார். என் சம்சாரம் எதிர் பிளாக்குக்குப் போயிருக்கா. கணக்கு டீச்சர் ஞாயித்துக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும் இல்லையா, பாத்திரங்களைப் பேப்பர்ல சுத்தி வெக்க ஒத்தாசை பண்றா. எனக்கோ பால் காய்ச்சக்கூட வராது.

மேஜை மேல நீங்க வெச்சிருக்கிற அந்தக் கம்பி வளையம் என்னோடதுதான். மழுப்பிப் பேசற ஆள் நான் இல்லை. கேட்டீங்க, சொல்றேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும், கோணல் பல்லுக்குக் கம்பி கட்டறது. இருபத்தாறு வருஷமா அதுதான். பெத்தவங்க வந்ததுமே "எப்போ டாக்டர் நேராகும்?"னு பறப்பாங்க. இழுக்கிறதே பல்லுக்குத் தெரியக்கூடாது, அதுதான் வித்தை. மாசத்துக்கு ஒருதரம் கொஞ்சூண்டு முறுக்கணும். எலும்பு தானா இடம் விட்டுக் கொடுத்து, மறுபடி இறுகிக்கும்.

நீங்க குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகுது, பழைய கதை தெரிஞ்சிருக்காது. அந்தப் பாதாம் மரம் ரெண்டு பிளாக்குக்கும் நடுவுல, பொது இடத்துல இருந்தது. இலைன்னா இலை, ஒவ்வொண்ணும் சாப்பாட்டுத் தட்டு அளவு. யார் கூட்டறதுன்னு எனக்கும் டீச்சருக்கும் வாய்த்தகராறு. அப்போ இருந்த தலைவர், ரிட்டையர்டு என்ஜினீயர், ஒரு தீர்ப்பு சொன்னார். மரம் எந்தப் பக்கம் சாயுதோ, அந்தப் பக்கத்துக் கீழ்வீட்டுக்காரங்க கூட்டணும். வருஷா வருஷம் கிளை பிரியற இடத்துலேர்ந்து நூல்ல ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு அளப்பார். பிளாக்கே கூடி நின்னு வேடிக்கை பார்க்கும். முதல் வருஷம் பூட்டு அடிமரத்துக்கு நாலு விரல் தள்ளி, என் பக்கம் நின்னுது.

நான் துடைப்பத்தை எடுத்தேன், கூட்டினேன். டீச்சர் ஜன்னல்லேர்ந்து, "டாக்டர், அந்த மூலையில ரெண்டு இலை விட்டுட்டீங்க"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னுது, அதை மறைக்க விரும்பலை.

அடுத்த வாரம் மரத்துக்கும் அவங்க பக்கத்து விளக்குக் கம்பத்துக்கும் இடையில ஒரு கம்பி கட்டினேன். முறுக்கறதுக்கு நடுவுல ஒரு திருகு. பட்டை நசுங்கக்கூடாதுன்னு மரத்தைச் சுத்தி ரப்பர் குழாய். ஈறு விஷயத்துல நான் எப்பவுமே ஜாக்கிரதை. யாராவது கேட்டா துணி காயப்போடற கொடின்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன். யாரும் கேக்கலை. டீச்சர்தான் வந்து, "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் டாக்டர், எனக்காகக் கொடியெல்லாம் கட்டிக் கொடுத்திருக்கீங்களே"ன்னு கண் கலங்கிட்டாங்க. நாலு வருஷம் அதுல ஈரப் போர்வையா காயப்போட்டாங்க. அந்தக் கனமும் சேர்ந்துதான் இழுத்தது. ஆக இதுல அவங்க பங்கும் இருக்கு, குறிச்சுக்குங்க.

மாசம் முதல் தேதி கால் சுத்து. அவ்வளவுதான். நாலாவது வருஷம் பூட்டு அவங்க பக்கம் போய் நின்னுது. தலைவர் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு மூணு தரம் அளந்தார். "மரத்துக்கே மனசு மாறிடுச்சு போல"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

அங்கதான் வினை. டீச்சர் முகம் சுளிக்கவே இல்லை. காலையில அஞ்சு நிமிஷத்துல கூட்டி முடிச்சு, மரத்துக்கு மூணு வாளி தண்ணி ஊத்துவாங்க. நிழல் பூரா அவங்க பக்கம் போயிடுச்சு. கீழ பெஞ்சு போட்டு டியூஷன். அணில்கூட அங்கதான். என் ஹால்ல மத்தியானம் வெயில் பொசுக்கும். என் சம்சாரம் சாப்பிட்ட கையோட, "டீச்சர் வீட்டு நிழல்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்"னு கிளம்பிடுவா. கொஞ்ச நேரம்னா விளக்கு வெக்கிற வரைக்கும். "இங்க உனக்கு என்ன குறை?"ன்னு ஒருநாள் கேட்டேன். "அங்க பேசினா பதில் வருது"ன்னா. முப்பது வருஷக் குடும்பம், சார். அதை நான் காப்பாத்தியாகணும் இல்லையா.

அதனால மரத்தைத் திருப்பி இழுத்தேன். பழைய கம்பியை வெட்டிட்டு, என் வராந்தாத் தூணுக்கு இன்னொண்ணு கட்டினேன். மாசம் கால் சுத்துன்னு போனா இன்னும் நாலு வருஷம் ஆகும், அதுக்குள்ள அவ பெட்டி படுக்கையோட அங்கயே போயிடுவா. தினம் ஒரு முழுச் சுத்து முறுக்கினேன். இதையே ஒரு குழந்தையோட பல்லுல பண்ணியிருந்தா என் லைசென்சைப் பிடுங்கியிருப்பாங்க. பதினோராம் நாள் மத்தியானம் வேர் சடசடன்னு விட்டுடுச்சு. பிள்ளைங்க பெஞ்சை விட்டு எழுந்து போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. மரம் என் வராந்தாவை வாரிச் சுருட்டிக்கிட்டு, ஹாலுக்குள்ள தலையை நீட்டிச்சு. என் சம்சாரத்தோட நாற்காலி சுக்குநூறாயிடுச்சு. அவ டீச்சர் வீட்டுல இருந்ததால பிழைச்சா. அதைப் பத்தி நான் ரொம்ப யோசிக்கிறதில்லை.

ஆள் வர்றதுக்குள்ள என் பக்கத்துக் கம்பியைக் கழட்டிட்டேன். பழைய வளையம் பட்டைக்குள்ள புதைஞ்சு கிடந்தது ஞாபகமே இல்லை. மரம் அறுக்கிறவர் ரம்பம் அதுல மாட்டாம இருந்திருந்தா நீங்களும் இன்னிக்கு நிம்மதியா இருந்திருப்பீங்க. பாதிக்கப்பட்டவன்ங்கிற முறையில விசாரணைக் கமிட்டியில என்னையும் போட்டாங்க. மூணு வாளித் தண்ணிதான் வேரை ஊற வெச்சிடுச்சுன்னு ஒருத்தர் சொன்னார். நான் மறுத்துப் பேசலை. அறிக்கையை எழுதினது நான், என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு என்கிட்டயே கொடுத்துட்டாங்க. அதைப் படிச்சுட்டுத்தான் டீச்சரோட வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னார்.

நேத்து சாயங்காலம் டீச்சர் இங்க வந்தாங்க. உள்ள வரலை, வாசல்லயே நின்னாங்க. "நான் தண்ணி ஊத்தாம இருந்திருந்தா உங்க வீடு தப்பிச்சிருக்கும் டாக்டர். அக்கா அந்த நாற்காலியில இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? என்னை மன்னிச்சிடுங்க"ன்னு அழுதாங்க. பதினெட்டு வருஷம் இருந்த வீடு, சார். எனக்கே மனசு கேக்கலை. "விடுங்க டீச்சர், நான் மனசுல வெச்சுக்கலை"ன்னு சொல்லி, படி வரைக்கும் கூடவே போய் அனுப்பிட்டு வந்தேன்.

ஆமா, மரத்தைச் சாய்ச்சது நான்தான். அந்தப் பக்கமும் நான்தான், இந்தப் பக்கமும் நான்தான். எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா டீச்சரை நான் மனசார மன்னிச்சுட்டேன்னு கீழ ஒரு வரி சேர்த்துக்குங்க. அந்த வரி இல்லாம போட மாட்டேன்.