கூழ் மேடத்துக்கு, உலர்த்தியவர்கள் எழுதுவது

அறுவடை முடிந்ததும் தீ வைக்கும் சோளத் தட்டையை வாரி எடுத்து வந்து, வாய்க்கும் வயிற்றுக்கும் உதவும் பொருளாக்க வழி கண்டவரே! அளவில் அணுவளவும் பிசகாதவரே, ஆய்வுக்கே ஆயுளில் பாதியை அளித்தவரே, குடுவை உடைத்தவரையும் குரல் உயர்த்திக் கடியாதவரே, எங்கள் உணவு ஆய்வுக்கூடத்தின் முதுநிலை ஆய்வாளரே, அன்புக்குரிய அம்மா! பணி நிறைவு பெற்று நாளை முதல் நீங்கள் வரப்போவதில்லை என்ற நினைப்பைத் தாங்க முடியாமல் தாங்கி நிற்கும் உங்கள் சக ஊழியர்களின் பணிவான வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டுகள் இந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தீர்கள். வந்ததும் தராசின் முன் குனிந்து அது மட்டமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே பையைக் கொக்கியில் மாட்டினீர்கள். ஈரக் கையோடு தராசைத் தொட்டவரை நீங்கள் திட்டியதில்லை. அவர் எழுதிய எண்ணை அடித்துவிட்டு, நீங்களே மறுபடியும் அளந்தீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும் என்று நாங்கள் தேநீர் வேளையில் புலம்பியது உங்கள் காதுக்கு எட்டியிருக்கலாம்.

உங்களுக்கு நாங்கள் வைத்த செல்லப் பெயர் ‘கூழ் மேடம்’ என்பதையும் இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறோம். பெயர் வரக் காரணம் நீங்கள்தான். சோளத் தட்டையை நறுக்கி, காரக் கரைசலில் வேகவைத்து, வெளுத்து, உயர் அழுத்த இயந்திரத்தில் திரும்பத் திரும்ப அரைத்து, தலைமயிரின் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமன் கொண்ட நாராக்கினீர்கள். நானோ செல்லுலோஸ் என்ற அந்தப் பொருள் கண்ணாடி போன்ற கூழாக வாளியில் நின்றது. பழச்சாற்றில் சிறிது கலந்தால், சதை அடியில் படியாமல் புட்டி முழுவதும் பரவி நிற்கும். ஆறு ஆண்டு பாடுபட்டு அதைக் கண்டீர்கள். எங்களுக்கு நீங்கள் இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: “என்ன வேணா பண்ணுங்க, இதைக் காய மட்டும் விட்றாதீங்க. ஒருதரம் காஞ்சா நாரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் பிரியாது.”

இவ்வளவும் பாராட்டு மடலுக்கு உரிய செய்திதான். இனி வருவது அப்படியல்ல.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், பழச்சாறு ஆலையில் நடக்கவிருந்த பெரிய சோதனைக்கு நான்கு வாளிக் கூழ் தயாராக இருந்தது. தங்கைக்குப் பிரசவம் என்று நீங்கள் மூன்று நாள் விடுப்பில் போனீர்கள். முதல் நாளே குளிர் அறை பழுதானது. வெயிலில் கூழில் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று அப்போது உதவியாளர்களாக இருந்த எங்களில் மூவர் பயந்தார்கள். உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பிரசவ வீட்டில் தொந்தரவு எதற்கு என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு, நான்கு வாளியையும் தட்டுகளில் ஊற்றி உலர்த்தும் அடுப்பில் வைத்தார்கள். காய்ந்ததைப் பொடித்தார்கள். சோதனை நாளன்று, ஊரிலிருந்து நீங்கள் நேரே ஆலைக்கு வந்து சேரும் முன், தண்ணீர் விட்டுக் கலக்கி, பழைய அளவுக்கே நிரப்பி, மூடி போட்டு வண்டியில் ஏற்றினார்கள். அதிமேதாவித்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

ஆலைக்காரர்கள் தாங்களே அதைத் தொட்டியில் கொட்டிக் கலந்தார்கள். மூன்று மணி நேரத்தில் புட்டிகளின் மேற்பாதி வெறும் தண்ணீராகத் தெளிந்தது. “என்ன மேடம், எல்லாம் மணல் மாதிரி அடியில போய் உக்காந்துடுச்சு?” என்று ஆலை மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கேட்டார். நீங்கள் காலி வாளியின் அடியில் ஒட்டியிருந்ததை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தீர்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினீர்கள்.

“காய வெச்சீங்களா?”

“இல்ல மேடம். நீங்க வெச்சிட்டுப் போன மாதிரியேதான் இருந்துச்சு.”

நீங்கள் மறு கேள்வி கேட்கவில்லை. விசாரணைக் குழுவிடம், தயாரிப்பில் உங்கள் கவனக்குறைவே காரணம் என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். ஆய்வு நிறுத்தப்பட்டது. உங்களுக்கு வரவிருந்த தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. சோளத் தட்டையில் நானோ நார் கண்ட கைகள் அதன் பிறகு பதினான்கு ஆண்டுகள் பிஸ்கட்டில் ஈரப்பதம் அளந்தன. அதையும் நீங்கள் பிசகில்லாமல் செய்தீர்கள்.

போன மாதம் உங்கள் பழைய குறிப்பேட்டை எடுத்து, வரி தவறாமல் மறுபடி செய்து பார்த்தோம். இந்த முறை காயவிடவில்லை. மேசைமேல் இருக்கும் பழச்சாற்றுப் புட்டி அதுதான். இருபத்தாறு நாளாக அசையாமல் நிற்கிறது, அடியில் ஒரு துகள் இல்லை. உங்கள் முறையில் குறையே இருந்ததில்லை. அதை நீங்கள் பணியில் இருக்கும்போது நிரூபிக்காமல், போகிற அன்று கொண்டுவந்து வைத்திருக்கிறோம். நடந்ததை எழுதி மூவரும் ஒப்பமிட்ட கடிதம் இன்று காலை இயக்குநரின் கைக்குப் போய்விட்டது.

பணி ஆண்டுகளைச் சரிபார்க்க, மடலின் வரைவை விடைபெறுபவரிடம் முன்கூட்டியே காட்டுவது இங்கே வழக்கம். உங்களிடம் காட்டினோம். தேதிகளை எல்லாம் திருத்திவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் பென்சிலால் அடித்துத் திருப்பித் தந்தீர்கள்.

“இதெல்லாம் எதுக்குப்பா இப்போ? வாளியைத் தொட்டப்பவே எனக்குத் தெரியும். உங்க மூணு பேருக்கும் அந்த மாசம்தான் வேலை நிரந்தரமாகணும். நான் வாயைத் தொறந்திருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. சபையில வெச்சு இதைப் படிக்காதீங்க.”

படித்துவிட்டோம், அம்மா. உங்கள் சொல்லை நாங்கள் மீறுவது இது இரண்டாம் முறை. முதல் முறைக்கு நீங்கள் பதில் சொன்னீர்கள். இதற்கு நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

தங்கை குடும்பத்தோடும், அன்று பிறந்து இன்று உங்கள் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கும் அவர் மகளோடும், நோயும் கவலையும் நெருங்காமல் நெடுங்காலம் நீங்கள் நிறைவாக வாழ வேண்டும். மன்னிப்பு நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடுவீர்கள்.

இப்படிக்கு,
ஆய்வுக்கூடத்தின் ஊழியர்கள் அனைவரும்,
அவர்களுள் பதினான்கு ஆண்டுகளாக நிரந்தர வேலையில் இருக்கும் மூவரும்.