பச்சைச் சாயம்

அந்த நாற்காலி ஆடும் சார், இதில் உட்காருங்கள். தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டிருப்பது வெளிச்சத்துக்காக என்று எல்லாரிடமும் சொல்வேன். பாதிதான் உண்மை. யார் வீட்டுக்கு யார் வருகிறார், யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறார், எல்லாம் இங்கிருந்தே தெரியும். பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நீங்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனதையும் இங்கிருந்துதான் பார்த்தேன். சுகாதார அதிகாரி என்று நடையே சொன்னது.

பின்வீட்டு வாத்தியார் வீட்டில் சாக்கடை அடைத்தபோது, அவருக்குத் தெரிவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்தது. என் கைங்கரியம். நான் வைத்த ‘கமகம வாத்தியார்’ என்ற பெயர் இன்றும் நிற்கிறது. அப்படிப்பட்டவள் வீட்டு வாசலிலேயே மண் சொதசொதவென்று ஊறி நாற ஆரம்பித்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள். பினாயிலை வாளி வாளியாக ஊற்றினேன். கேட்டவர்களிடம் எலி செத்துக் கிடக்கிறது என்றேன். கடைசியில் பிளம்பரைக் கூப்பிட்டேன்.

“செப்டிக் டேங்க்ல தப்பில்லம்மா,” என்றான். “அதுலேர்ந்து தண்ணிய மண்ணுக்குள்ள இறக்குற ஓட்டை போட்ட குழாய் இருக்கு பாருங்க, அதுதான் சேறு அடைச்சுக் கெடக்கு. வாசலைத் தோண்டி, ஜல்லி மாத்தி, புதுசா போடணும். ஒரு வாரம் ஆகும்.”

“ஒரு வாரமா? தெருவே வந்து நின்னு வேடிக்கை பாக்கும்ப்பா. கொல்லைப் பக்கம் கொண்டுபோயிடு.”

“சுவத்துக்கு அந்தப் பக்கம் கிணறு இருக்கேம்மா. பத்தடிகூட வராது.”

“அது பாழுங்கிணறு. செடிக்குக்கூட எடுக்கறதில்ல.”

அன்று காலையில்தான் அந்தக் கிணற்று மோட்டார் ஓடிய சத்தத்தைக் கேட்டிருந்தேன்.

கொல்லையில் குழாயைப் போட்டு முடித்துவிட்டு ஒரு சாயப் பொட்டலம் கொடுத்தான். “இத கக்கூஸ்ல கொட்டி நல்லா தண்ணி விடுங்க. நாலு நாள் பாருங்க. தரையில எங்கயாவது பச்சையா கசிஞ்சா போன் போடுங்க.”

கொட்டினேன். கொல்லை காய்ந்தே கிடந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் வாளியைத் தூக்கிக் காட்டினாள்.

“அக்கா, தண்ணியைப் பாருங்களேன். இப்படி பச்சையா வருது?”

“பாசிடி. வெயிலுக்குப் பிடிக்கும்.”

“குடிச்சா ஒண்ணும் பண்ணாதே?”

“பாசி என்ன பண்ணப்போவுது.”

கொதிக்க வைத்துக் குடி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஏன் என்று கேட்பாள். எந்த வீட்டுச் சேதியையும் ஒரு பொழுது வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் நான். வாழ்நாளில் என் வாய் அடங்கியது அந்த ஒரு தடவைதான். மறுநாள் பிளம்பருக்குப் போன் போட்டு, “நம்ம தரையில எங்கயும் வரலப்பா” என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அவள் மகளை எல்லாரும் சிட்டு என்போம். நாலு வயது. என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும். அதற்கு ஒரு மஞ்சள் கவுன் தைத்துக் கொடுத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து அம்மாக்காரி அதைக் கொண்டுவந்தாள்.

“இடுப்புல தொளதொளங்குதுக்கா. கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க. இதுக்கு வயித்தால போயிட்டே இருக்கு.”

டேப் வைத்து அளந்தேன். ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. பிடித்துக் கொடுத்தேன். அடுத்த பத்து நாளில் மறுபடி வந்தார்கள். மறுபடி பிடித்தேன். அன்றைக்குச் சிட்டு என் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டது: “பெரியம்மா, என் கவுன் மட்டும் ஏன் பெருசாயிட்டே போவுது?”

“துணி அப்படித்தான் கண்ணு,” என்றேன்.

தெருவில் கேட்டவர்களிடம், அவள் கண்ட கடையில் வாங்கிக் கொடுப்பாள், பாத்திரம் ஒழுங்காகக் கழுவ மாட்டாள் என்று சொன்னேன். நன்றாகவே எடுபட்டது. அவளே கடைசியில் அதை நம்பிவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்து, “நான்தாங்க்கா சரியா பாத்துக்கல” என்று அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். இந்தக் கையால்தான்.

மூன்றாம் முறை கவுனைப் பிடிக்க யாரும் கொண்டுவரவில்லை. அதைப் போட்டுத்தான் எடுத்துப் போனார்கள். அப்போதும் இடுப்பில் தொளதொளவென்றுதான் இருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். கிணறு புழக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியும். வாளியில் இருந்தது என் சாயம் என்பதும் தெரியும். பிளம்பர் மேல் தப்பில்லை. வெட்கமாக இருக்கிறது சார், உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொல்லையைத் தோண்டுவீர்கள், தோண்டத்தான் வேண்டும். ஒரே ஒரு உதவி. சுற்றிலும் தார்ப்பாய் கட்டிவிட்டுத் தோண்டச் சொல்லுங்கள். வாத்தியார் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.