பத்தொன்பதாவது டேக்

அந்த நாற்காலி வேண்டாம்மா, அதுக்கு ஒரு கால் ஆடும். போன வாரம் லிஃப்டுக்குக் குரல் குடுக்க வந்த ஒருத்தர் அதுல உக்காந்து அப்படியே சரிஞ்சுட்டார். இந்த ஸ்டூல்ல உக்காரு. ஆமாமா, லிஃப்டுக்குத்தான். கதவு திறக்கிறது, கதவு மூடுகிறது, மூன்றாவது தளம். இப்ப இந்த ஸ்டுடியோவுக்கு அதான் பொழப்பு. ஆஸ்பத்திரி டோக்கன், பேங்க் டோக்கன் எல்லாம் நம்ம சரக்கு. அதக் கேட்டு யாரும் அழப் போறதில்ல. நிம்மதியான வேலை.

அதத்தான் போன்லயே சொன்னேனேம்மா, அந்தப் பழைய பொம்மைப் படத்துக்கு எடுக்கற விழாவுக்கு நான் வரலன்னு. மேடை, மைக்கு, கைதட்டல்லாம் உங்கம்மாவுக்கு. குரல் அவங்களோடது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து பட்டன் அமுக்கினவன். என்னை எதுக்கு இழுக்கறீங்க?

அப்பறம் இந்த மாமாங்கறத விடுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். சார்னு கூப்பிடு. உங்கம்மா என்னை அண்ணான்னு கூப்பிட்டா, உடனே நான் உனக்கு மாமா ஆயிடுவேனா? சொந்த மாமா ஒருத்தர் குத்துக்கல்லாட்டம் இருக்காருல்ல உனக்கு. அவர் வர்றாரா விழாவுக்கு? கூப்பிடலையா. இன்னுமா பேச்சுவார்த்தை இல்ல? போன வருஷம் உன் கல்யாணத்துக்கும் கூப்பிடல. மாமா இடத்துல நீங்கதான் வந்து நிக்கணும்னு உங்கம்மா என்கிட்ட சொன்னாங்க. வயித்து வலின்னு சொல்லிட்டேன். வலி இல்லம்மா. சரி விடு, உங்க குடும்ப விஷயம்.

என்னது இது, பனியனா? எனக்கா? பிரிச்சுக் காட்டு. வரும்போது பேட்டரி வாங்கிட்டு வாங்க. அடப்பாவிங்களா, படத்து வரிய நெஞ்சு மேலயே அச்சடிச்சுட்டானுங்களா! இதப் போட்டுட்டுக் கடைக்குப் போனா பேட்டரி விக்கிறவன்னு நெனைப்பாங்க. இல்ல இல்ல, நல்லாருக்கு. வச்சுட்டுப் போ.

விழால போடறதுக்கு ரெகார்டு ஓடுதா போன்ல? வாய்க்கு அவ்வளவு கிட்டக்க வைக்காத, என் மூச்செல்லாம் விழும். ஆங், அங்க. கேளு.

அந்த பேட்டரி சீனப் பாத்து ஜனங்க ஏன் இன்னும் அழறாங்கன்னா நான் என்னத்தச் சொல்ல? ஒரு பல் டாக்டர் எனக்கு எழுதியிருந்தார். முப்பத்தஞ்சு வயசு, ரெண்டு புள்ளைங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு டிவி முன்னாடி உக்காந்த பையனாம் அப்ப. இன்னிக்கும் அவர் மேசைல ஒரு செத்துப்போன பேட்டரி இருக்காம். எதுக்கு டாக்டர் இதுன்னு யாராவது கேட்டா, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்னு சொல்வாராம். பல்லப் புடுங்கறப்போ அடுத்தவன் அழறதப் பாத்தே பழகின மனுஷன், அந்த சீனப் பாத்தா இவர் அழறாராம்.

இத்தனைக்கும் என்ன இருக்கு அதுல? ஜப்பான்காரன் வரைஞ்ச பொம்மைப் படம், நாம தமிழ்ல குரல் குடுத்தது. ஒரு தீவு. அப்பா கலங்கரை விளக்கத்துல பல்பு மாத்தறவர். எட்டு வயசுப் பொண்ணு. அம்மா கெடையாது. அதுக்கு முந்தின சீன்ல அவர் போகப்போற படகோட அடிப்பக்கத்துல ஒரு விரிசல் விட்டிருக்கறத நமக்குக் காட்டிடறாங்க. அந்த அப்பா பாக்கல. வந்து வாசல்ல உக்காந்து ஷூ மாட்டறார். பொண்ணு படிக்கட்டுல அப்பாவுக்கு முதுகக் காட்டி உக்காந்து, பிஸ்கட் தின்னுக்கிட்டே ஒரு பொம்ம டார்ச்சக் கழட்டிக்கிட்டிருக்கு. திரும்பிக்கூடப் பாக்கல. போயிட்டு வாங்கப்பா, வரும்போது பேட்டரி வாங்கிட்டு வாங்க. அவ்வளவுதான். அப்பறம் ஒரு சின்ன சிரிப்பு. கதவு சாத்துது.

சில பேர் மியூசிக்னு சொல்றாங்க. அங்க மியூசிக்கே கெடையாதும்மா, போட்டுப் பாரு. சில பேர் என்ன ஓவியம்யா அதுன்னு உருகறாங்க. பன்னெண்டு செகண்டுக்கு ஒரே படம், தாடை மட்டும் அசையும். வரையறதுக்கு ஆள் பத்தலையோ என்னவோ.

அந்த சிரிப்பா? அதுக்குத்தான் வர்றேன். ஒரிஜினல்ல அது இல்ல. நம்ம தமிழ்ல மட்டுந்தான் இருக்கு. உங்கம்மா போட்டது.

உங்கம்மாவுக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. நான் நீ வா போன்னுதான் பேசுவேன், இப்பதான் வாய்ல அவங்க இவங்கன்னு வருது. குழந்தைக் குரல்னா அவதான். ஆனா அன்னிக்கு அந்த ஒரு வரி வரவே மாட்டேங்குது. ஏன்னா அவ கதையப் படிச்சுட்டா. அப்பா திரும்பி வர மாட்டார்னு தெரிஞ்சுபோச்சு. போயிட்டு வாங்கப்பான்னு சொல்றப்போ அந்தப் பா லேசா நடுங்குது. நல்லாத்தான் இருக்கு, ஆனா தப்பு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதும்மா, அது கவலையெல்லாம் பேட்டரி, நீ ஏன் இப்பவே ஒப்பாரி வைக்கிறேன்னு நான் இங்கேருந்து கத்தறேன். ஒரு டேக், ரெண்டு, அஞ்சு, ஒம்பது. நெஜ பிஸ்கட்டயே வாய்ல போட்டுக்கச் சொன்னேன். பதினொண்ணாவது டேக்ல ஓரளவுக்குக் கிட்ட வந்துட்டா. எனக்கு மூக்குல வேர்த்துடுச்சு. விடக்கூடாதுன்னு தோணிடுச்சு.

பத்தொன்பதாவதுதான் ஓகே ஆச்சு. சொல்லி முடிச்சா, வாய்லேருந்து பிஸ்கட் தூள் ஸ்கிரிப்டு மேல கொட்டுச்சு, அதப் பாத்து அவளுக்கே சிரிப்பு வந்துருச்சு. தப்பு பண்ணிட்டோம்னு நெனைச்சு என்னைப் பாக்கறா. நான் ஓகேன்னேன். அந்த சிரிப்பத்தான் நீங்கல்லாம் கேக்கறீங்க.

இல்லம்மா, அந்தப் பேப்பர் கெடைக்கல. அதான் போன்லயே சொன்னேனே. டேக் ஷீட்டெல்லாம் பழசு, கரையான் அரிச்சுட்டது, எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. அத எதுக்குக் கண்ணாடி போட்டு மாட்டணும்? வெறும் கோடு போட்ட காகிதம். டேக் நம்பர், எத்தன மணி, எதனால வேண்டாம். மூக்கு சத்தம், வேண்டாம். பேப்பர் சத்தம், வேண்டாம். இதுல என்ன அழகு இருக்கு?

ஏன் அப்படிப் பாக்கற? உங்கம்மாவும் இப்படித்தான் பாப்பா, யாராச்சும் பொய் சொன்னா பாத்துக்கிட்டே இருப்பா.

குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

ஆஃப் பண்ணாத. ஓடட்டும். டேக் நடுவுல நிறுத்தக்கூடாது, அது எங்க தொழில்ல எழுதாத சட்டம். இன்னொரு சட்டமும் இருந்துச்சு, சொல்றேன். அதோ சுவத்துல அந்த சின்ன பல்பு தெரியுதா, மஞ்சளா, அந்த மூலைல. அப்ப ஏது செல்போன். ரெகார்டிங் ரூமுல போன் மணி அடிக்கக் கூடாதுன்னு மணியக் கழட்டிட்டு பல்பு வச்சிருந்தோம். போன் வந்தா பல்பு எரியும். பேசறவருக்கு உள்ளேருந்து தெரியாது, எனக்கு மட்டுந்தான் தெரியும். வீட்டு சேதி எதுவா இருந்தாலும் சீன் ஓகே ஆனப்பறம்தான் சொல்லணும். அதான் அந்த சட்டம். புள்ள கீழ விழுந்துட்டான், கேஸ் தீந்துபோச்சு, விருந்தாளி வந்துட்டாங்க, எல்லாத்தையும் அப்படித்தான் சொல்வோம். யாரும் தப்பா எடுத்துக்கிட்டதில்ல.

பதினொண்ணாவது டேக் முடிஞ்சப்போ பல்பு எரிஞ்சுது.

எடுத்தேன். கைல அந்த டேக் ஷீட்தான் இருந்துச்சு, அதோட ஓரத்துலயே பென்சில்ல எழுதிக்கிட்டேன். உங்க தாத்தா ஆஸ்பத்திரில இருந்தாருல்ல அப்ப. சின்ன ஆபரேஷன், நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு காலைல வந்தப்போ உங்கம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னா. திடீர்னு மோசமாயிடுச்சாம். மக எங்க, மக எங்கன்னு கேக்கறாராம். உடனே அனுப்புங்க சார்னு அந்தப் பக்கம் குரல் உடையுது. சரிங்க, இதோ அனுப்பறேன்னு சொல்லிட்டுத்தான் வச்சேன். அனுப்பணும்னுதான் நெனைச்சேன், அது சத்தியம்.

இந்த பட்டனப் பாரு. இத அமுக்கிப் பேசினா உள்ள ஹெட்போன்ல கேக்கும். அமுக்கினேன். அவ நிமிந்து பாத்தா, வாய் நெறைய பிஸ்கட்டோட. எதுவும் தெரியாத மூஞ்சி. அந்த மூஞ்சியத்தான் ரெண்டு மணி நேரமா நான் தேடிக்கிட்டிருந்தேன். சொல்லிட்டா அது போயிடும்மா. அந்தப் பா இனிமே எப்பவும் நடுங்கும். இன்னும் ஒண்ணு போலாம்மான்னு சொல்லிட்டேன்.

சட்டம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். விருந்தாளி வந்த சேதியும் அதுவும் ஒண்ணா?

ஒண்ணுன்னு ஆரம்பிச்சது பன்னெண்டு, பதிமூணு, பதினாலுன்னு போச்சு. ஒவ்வொண்ணுக்கும் இதுதான் கடைசின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பத்தொன்பதாவதுல அவ சிரிச்சப்போ அந்தக் காகிதம் என் மடில கெடக்கு. ஏன் அழறாங்கன்னு கேட்டியே. விரிசல் நமக்குத் தெரியும், அந்தப் புள்ளைக்குத் தெரியாது, அதான். எல்லாரும் டிவிக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, அடியே திரும்பிப் பாருடி, உங்கப்பனக் கூப்பிடுடின்னு கத்தணும்னு தவிக்கிறாங்க. கத்தினா கேக்காது. பாவம், அவங்களால முடியாது. என்னால முடிஞ்சுது. என்கிட்ட பட்டன் இருந்துச்சு.

முப்பத்தஞ்சு நிமிஷம். போன் வந்தது பதினொண்ணு இருபது. ஓகே போட்டது பதினொண்ணு அம்பத்தஞ்சு. அப்பறம் உள்ள போய், இப்பதாம்மா போன் வந்துச்சு, ஓடுன்னேன். இங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு அர மணி நேரம். பன்னெண்டேகாலுக்கு உங்க தாத்தா போயிட்டார். பத்து நிமிஷம் முன்னாடி போயிருந்தா பாத்திருப்பேன்னு உங்கம்மா இன்னிக்கும் சொல்றாளா? சொல்லுவா.

அழாதம்மா. இல்ல, அழு. எனக்குச் சொல்ல என்ன யோக்கியத இருக்கு.

இன்னும் இருக்கு. அன்னிக்கு சாயங்காலம் துக்கம் கேக்க உங்க வீட்டுக்குப் போனேன். வாசல்லயே அண்ணனும் தங்கச்சியும் சண்ட. நான் பதினொண்ணு இருபதுக்கே போன் பண்ணேன், உனக்கு அப்பனவிட வேலை பெருசாப் போச்சுன்னு அவர் கத்தறார். பொய் சொல்றே, கடைசி நேரம் வரைக்கும் எனக்குச் சொல்லாம நீயே பக்கத்துல இருந்துக்கிட்டேன்னு இவ கத்தறா. என்னைப் பாத்ததும் கையப் புடிச்சு உள்ள இழுத்துட்டுப் போனா. அண்ணா, நீங்களே சொல்லுங்க, போன் எத்தன மணிக்கு வந்துச்சு? வீடே என் வாயப் பாக்குது. பன்னெண்டு இருக்கும்னு சொன்னேன்.

முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சேன்.

உங்க மாமா என்னை ஒரு பார்வை பாத்தார். கோவம்கூட இல்ல அதுல. ஒருவேளை நாமதான் மணியத் தப்பாப் பாத்துட்டமோன்னு சந்தேகப்படற மாதிரி இருந்துச்சு. அந்தப் பார்வதான் என்னைத் தூங்க விடல, சத்தியமா. மூணு வருஷம் கழிச்சு இங்கயே வந்தார். நீங்கள்லாம் நேரம் எழுதி வைப்பீங்களாமே சார், அந்த ஷீட்ட ஒரு தடவ காட்டினா என் தங்கச்சி நம்புவான்னார். கரையான் அரிச்சுட்டதுன்னு சொன்னேன். உனக்கு சொன்னேன்ல, அதே வார்த்த. போறப்போ போன் நம்பர எழுதி வச்சுட்டுப் போனார், கெடைச்சா சொல்லுங்கன்னு. வருஷா வருஷம் புது டைரிக்கு அந்த நம்பர மாத்தி எழுதறேன். நம்பர் மாறினப்போகூட யார் யாரையோ விசாரிச்சுப் புதுசக் கண்டுபுடிச்சு எழுதினேன். போன் மட்டும் பண்ணல.

இந்தா. இந்த டிராயர்லதான் இருக்கு, எப்பவும் இங்கதான் இருந்துச்சு. பாத்து, மடிப்புல கிழியும். ரப்பர வச்சு அழிக்க ரெண்டு தடவ எடுத்தேன். அழிச்சா காகிதம் ஓட்டையாயிடும்னு எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டேன். பதினொண்ணுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல, ஓரமா, பென்சில் எழுத்து. படிக்க முடியுதா? அப்பா மோசம், உடனே அனுப்பவும், அண்ணன் பேசினார், 11.20.

இதக் கண்ணாடி போட்டு மாட்டறதுக்கு முன்னாடி உங்கம்மா படிக்கட்டும். மேடைக்கு வான்னா வர்றேன், செருப்பால அடிக்க வான்னாலும் வர்றேன். டைரி அங்க ஜன்னல்ல இருக்கு, உங்க மாமா பேர்ல நம்பர் இருக்கும். வெளிய போய் எதுக்கும்மா, இங்கேருந்தே பண்ணு, நான் வேணா மைக் ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிறேன். அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்காது.