பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியட்

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, உடன் பணிபுரியும் நண்பர்களே, கண்கலங்கி அமர்ந்திருக்கும் அண்ணி, தரையில் சம்மணமிட்டிருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம்.

நான் வேதியியல் நடத்துகிறவள். மறைந்த நம் விளையாட்டு ஆசிரியருக்குப் பக்கத்து மேசைக்காரி. எனக்கு அவர் அண்ணன் மாதிரி, அவர் மனைவி அண்ணி; பிள்ளைகளுக்கு அவர் இடி சார்! போன வாரம் மாரடைப்பு அந்தக் குரலை அடக்கிவிட்டது. இங்கே பேசிய எல்லோரும் தங்கமான மனிதர் என்றார்கள். தங்கம்தான்! இருந்தபோது அவர் பேச்சை யார் கேட்டோம்? எனக்கு அழுகை வரவில்லை ஐயா, ஆத்திரம்தான் வருகிறது.

யாருக்குப் பாடம் முடியவில்லை என்றாலும் கை நீண்டது அவருடைய பீரியடுக்குத்தானே? ஆத்துல போற தண்ணி, ஐயா குடி, அம்மா குடி! "ஓடி ஆடுனா மார்க் வருமா சார்?" என்று கேட்டோம். "உக்காந்தே கெடந்தா வாந்திதான் டீச்சர் வருது" என்றார். சிரித்தோம்.

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. போன வருடம் ஒரு பெண். தேர்வு என்றாலே கை நடுங்கும், வாந்தி எடுப்பாள். தோழிகளோடு பேச்சும் நின்றுவிட்டது. நாம் என்ன செய்தோம்? ஆளுக்கொரு அறிவுரை! வீட்டில் ஆளுக்கொரு திட்டு! அண்ணன் கூப்பிட்டு, "ஏம்மா, ஆறாம் வகுப்புல ஒரு வாண்டு பந்தைப் பார்த்தாலே கண்ணை மூடிக்குது. நீதான் பிடிக்கக் கத்துக்குடுக்கணும்" என்றார்.

"எனக்கே வராது சார்."

"அதான் உன்கிட்ட சொல்றேன். நல்லா வர்றவங்களுக்குப் பொறுமை இருக்காது."

அந்த வாண்டு பந்தைப் பிடித்த அன்று இவள் போட்ட கூச்சல் என் ஆய்வகம் வரை கேட்டது! மெல்லச் சோறு இறங்கியது, பேச்சு வந்தது. தேர்வுக்கு முன்பு இன்னொருத்தி தேம்பி அழுதபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தவள் இவள்தான். கை அப்போதும் நடுங்கியது. நடுங்குகிற கையாலேயே அழுதவளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அதற்கு நாம் கொடுத்த பரிசு? இந்த வருடம் பத்தாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரே ஒரு விளையாட்டுப் பீரியட். அதையும் பிடுங்கினோம். "இந்த வாரமாவது பசங்களை அனுப்புங்க" என்று நம் வகுப்பு வாசலில் நின்று கெஞ்சினாரே! இடி போன்ற குரல் கெஞ்சுவதைக் கேட்டும் நம் மனம் இளகியதா? இப்போது அவர் இடத்துக்கு ஆளே போடப் போவதில்லையாம். அந்தப் பீரியட் கணிதத்துக்காம்!

"டீச்சர், நேரமாச்சு" என்கிறார் தலைமையாசிரியர். ஆகட்டும் சார். இது யாருடைய நேரம் என்று அட்டவணையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், பத்தாம் வகுப்பு, விளையாட்டு! அவருடைய இரங்கல் கூட்டத்துக்கும் அவர் பீரியடையே எடுத்துக்கொண்டோமே, இது அடுக்குமா?

அண்ணி, உங்கள் முன்னால் சொல்கிறேன். வேறு ஆள் வரும்வரை இந்தப் பீரியடில் மைதானத்தில் நான் நிற்பேன். எனக்கு விசில் ஊதக்கூட வராது. பிள்ளைகள் கற்றுத் தரட்டும். பீரியட் வேண்டும் என்பவர்கள் அங்கே வந்து என்னைக் கேட்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

மௌன அஞ்சலி வேண்டாம். பிள்ளைகள் வாயைப் பொத்தி உட்கார்ந்தால் அவருக்குப் பிடிக்காது. மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது. எழுந்திருங்க பிள்ளைகளா! சாரோட விதி ஞாபகம் இருக்கா? முதல்ல வந்தவங்க திரும்பிப் போய், கடைசியா வர்றவங்களைக் கூட்டிக்கிட்டு வரணும். ம், ஓடுங்க!