இருட்டில் ஒரு முடிச்சு

ஷரீஃபா: இன்னும் ரெண்டு விரல் கீழ, பெரியத்தான்... அங்கதான் ரத்தம் கொப்பளிக்குது.

நஸ்ரி: நீ முட்டியை எடுத்துடாதம்மா. உன் பாரம் முழுக்க அவன் தொடையிடுக்குல இறங்கணும்.

ஜூரபெக்: ஒரு தீக்குச்சியாவது கொளுத்துங்க டாக்டர். என் கால்ல தடவித் தடவி என்னத்தைத் தேடுறீங்க?

நஸ்ரி: அறுந்த ரத்தக்குழாயை. ஜன்னல்ல வெளிச்சம் தெரிஞ்சா, கணவாய்ல உட்கார்ந்திருக்கிறவன் அடுத்த குண்டையும் ஆஸ்பத்திரி மேலயே போடுவான்.

ஜூரபெக்: அதான் வாசல்ல ஒண்ணு போட்டுட்டானே...

ஷரீஃபா: அதுலதான நீங்களும் என் வீட்டுக்காரரும் விழுந்தீங்க. பேசாம படுங்க. பெரியத்தான்... அவரு எப்படி இருக்காரு?

நஸ்ரி: என் தம்பியா? வயித்துல கட்டுப் போட்டாச்சு, ஊசியும் போட்டாச்சு. இதோ, என் முதுகுப் பக்கம்தான் படுத்திருக்கான்.

ஜூரபெக்: என் லாரியில வாதுமை மூட்டை ஏத்துறப்ப இமோம் அண்ணன் வாய் ஓயாம பாடுவாரு. இப்ப சத்தத்தையே காணோமே...

நஸ்ரி: தூங்குறான்.

ஷரீஃபா: கையை ஏன் எடுத்தீங்க?

நஸ்ரி: தம்பியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஷரீஃபா: நாடி?

நஸ்ரி: இருக்கு... நல்லாவே இருக்கு. இடுக்கியைக் குடு.

ஷரீஃபா: இந்தாங்க. அவசரப்படாதீங்க.

நஸ்ரி: வழுக்குது... சனியன், வழுக்குது...

ஷரீஃபா: விரலை எலும்போட ஒட்டிக் கொண்டு வாங்க. நான் விடமாட்டேன்.

ஜூரபெக்: எனக்குக் குளிருதுக்கா...

ஷரீஃபா: உங்க பொண்டாட்டி பேரு என்ன? கண்ணை மூடாம சொல்லுங்க.

ஜூரபெக்: சைரம்போ... பால் ஊத்தின ஷீர்ச்சாய் டீயில உப்பை அள்ளிப் போடுவா...

நஸ்ரி: பிடிச்சுட்டேன். நூல்.

ஷரீஃபா: இந்தாங்க.

நஸ்ரி: ஒரு முடிச்சு... இன்னொண்ணு. இப்ப முட்டியை எடு. மெதுவா. புதுசா ஈரம் படுதா?

ஷரீஃபா: இல்ல... இல்ல, நின்னுடுச்சு.

நஸ்ரி: ஜூரபெக், கால் விரலை ஆட்டு.

ஜூரபெக்: ஆடுது டாக்டர். மாமியார் வீடு வரைக்கும் நடக்க இது போதும்.

நஸ்ரி: ஷரீஃபா... இப்படி உட்காரும்மா. உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்.

ஷரீஃபா: தெரியும் பெரியத்தான். நீங்க தொட்டுப் பார்க்கறதுக்கு முன்னாடியே அவரு மூச்சு நின்னது எனக்குக் கேட்டுச்சு. சொன்னா உங்க கை நடுங்கும், இந்த மனுஷனும் போயிடுவாருன்னுதான் வாயைத் திறக்கல... இப்பவாவது நான் அவர்கிட்ட போகட்டுமா?